பத்தாவது எட்டு நாள்

இன்று காலை நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெயில் அது சிவந்து வரும்போது எழும் வாசனை வீடு முழுவதும் பரவியது. பாதியிலேயே அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் நினைவு வந்துவிட்டால் எனக்குக் கை ஓடுவதில்லை.

அந்த வருடம் உனக்கு நெத்திலி கிடையாது. மருந்து கொடுப்பதற்கு முன் சில வாரங்கள் அயோடின் உள்ள எதையும் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கடல் மீன் கூடாது, கருவாடு கூடாது. தஞ்சோங் கிளிங்கில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் உன் வீட்டில் மீன் இல்லாத சோறு. "ஜன்னலத் தொறந்தா கருவாட்டு வாசனை, தட்டுல வெறும் கத்திரிக்கா. இதுக்கே எனக்கு மெடல் குடுக்கணும்லா" என்று சொல்லிச் சிரித்தாய். அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. எனக்கும்தான்.

மலாக்கா டவுனில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படித்தபோது, இயற்பியல் வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நாம் இருவர் மட்டும்தான். நான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து, புக்கிட் பெருவாங்கில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். உனக்கு அப்பா இல்லை. அம்மா அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். அண்ணன் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், கடை போடுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு அதே உடுப்போடு டவுன் நூலகத்துக்கு வந்துவிடுவாய். மூடும் வரை படித்துவிட்டுக் கடைசியில் பஸ்ஸுக்கு ஓடுவோம்.

கதிரியக்கப் பாடம் வந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாடமெல்லாம் மலாயில்தான். 'செப்பாரு ஹயாட்' என்று ஆசிரியை பலகையில் எழுதினார். அரை ஆயுள். ஒரு கதிரியக்கப் பொருளில் இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம். அதே அளவு காலம் இன்னொரு முறை கழிந்தால் மீதியில் பாதி, பிறகு அதிலும் பாதி. நான் சூத்திரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். நீ கையைத் தூக்கி, எந்த அணு முதலில் போகும் என்று கேட்டாய். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் ஆசிரியை. நேற்று உண்டான அணுவும் ஆயிரம் வருடத்துக்கு முன்பு உண்டான அணுவும் ஒன்றுதான், அணுவுக்கு வயதாவதில்லை, அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு இரண்டுக்கும் சமம். கூட்டமாகப் பார்த்தால் கணக்குத் தப்பாது, தனியாக ஒன்றைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அன்று பஸ்ஸில் வழி முழுக்க நீ அதையே பேசிக்கொண்டு வந்தாய். நான் உன் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ விழுங்கும்போதெல்லாம் காலருக்கு மேலே ஏதோ ஒன்று ஏறி இறங்கியது.

"இது என்னடி?" என்று தொட்டுப் பார்த்தேன்.

"சளிக் கட்டியா இருக்கும். விடுலா," என்றாய்.

அது தைராய்டில் வந்த புற்று. கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து சுரப்பியை எடுத்தார்கள். சில வாரம் கழித்து, மிச்சம் ஒட்டியிருப்பதை அழிப்பதற்காகக் கதிரியக்க அயோடினை ஒரு மாத்திரையாக விழுங்கக் கொடுத்தார்கள். நாம் பாடத்தில் படித்த அதே அயோடின். அரை ஆயுள் எட்டு நாள். தைராய்டு செல்கள் எங்கே ஒளிந்திருந்தாலும் அயோடினை இழுத்துக்கொள்ளும். இழுத்த பிறகு அது வெளியிடும் பீட்டா துகள்களே அவற்றைக் கொன்றுவிடும். கூடவே வரும் காமாக் கதிர்தான் உடம்பைத் தாண்டி வெளியே வரும். அதற்காகத்தான் உன்னை நான்கு நாள் தனி அறையில் வைத்தார்கள். நர்ஸ் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு நலம் விசாரிப்பாராம். "நாம படிச்ச பாடத்த நானே முழுங்கிட்டேன்" என்று எனக்குக் கடிதம் எழுதியிருந்தாய்.

நீ வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு காகிதம் இருந்தது. மூன்று வாரம் தனியாகத் தூங்க வேண்டும், குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. உன் அண்ணிக்கு அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி மூன்று வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. சமையலறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அறையை உனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். குளியலறை அதற்குள்ளேயே இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

முதல் மூன்று வாரம் நீ விருப்பத்தோடுதான் இருந்தாய் என்பதை நான் சொல்லியாக வேண்டும். கட்டிலுக்கு மேலே சுவரில் பென்சிலால் ஒரு பட்டியல் போட்டாய். எட்டாம் நாள், பாதி. பதினாறாம் நாள், கால். இருபத்து நான்காம் நாள், எட்டில் ஒரு பங்கு. சனிக்கிழமைகளில் சித்தியிடம் நூலகம் என்று சொல்லிவிட்டு நான் பஸ் மாறி வருவேன். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, உன் ஜன்னலுக்கு எதிரே உட்காருவேன். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல். பட்டைகளுக்கு நடுவே உன் முகம் நான்கு துண்டாகத் தெரியும்.

"இன்னும் தள்ளிப் போ. ரெண்டு மீட்டர். தூரம் ரெண்டு மடங்கானா உன் மேல படறது நாலுல ஒரு பங்குதான்."

"தெரியும்லா. நானும் அந்தக் கிளாஸ்லதான் இருந்தேன்."

அந்த வாரத்துக் குறிப்புகளை நான் உரக்கப் படிப்பேன். நீ உள்ளே எழுதிக்கொள்வாய். புரியாத இடத்தை எனக்கு நீதான் விளக்குவாய்.

இருபத்து நான்காம் நாள் கடந்தது. கதவு திறக்கவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் சந்தில் இருந்தேன். உன் அம்மா, நான் ஆன்ட்டி என்று கூப்பிடும் அந்த மெலிந்த பெண், தையல் நாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்து ஜன்னலருகே நின்றார்.

"மருந்து சுத்தமாப் போயிருச்சாம்மா?" என்று கேட்டார்.

போய்விட்டது என்று நீ சொல்லியிருக்கலாம். உடம்பே பெரும்பகுதியை முதல் சில நாளில் கழித்துவிட்டது, மிச்சம் இருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று உனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டது சுத்தமாகப் போய்விட்டதா என்று.

"சுத்தமாப் போகாதும்மா. பாதி பாதியாத்தான் குறையும். இன்னும் எட்டுல ஒரு பங்குக்குக் கீழ இருக்கு. அது ஒண்ணும் செய்யாது."

"எப்ப சுத்தமாப் போகும்?"

அதற்கு விளக்கம் சொல்லப் போய்த்தான் எல்லாம் கெட்டது. ஆன்ட்டியின் பொத்தான் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னாய். ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் மங்கலுமாக இருக்கும் சட்டைப் பொத்தான்கள் நூற்றை எண்ணி, தட்டில் போட்டுக் குலுக்கி, பளபளப்பாக விழுந்ததையெல்லாம் பொறுக்கி எடுக்கச் சொன்னாய். ஆன்ட்டி சந்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குலுக்கினார். நான் பொறுக்கினேன். ஐம்பத்து மூன்று மிச்சம். பிறகு இருபத்தாறு, பதினொன்று, ஆறு, மூன்று, ஒன்று. அந்த ஒன்று மட்டும் போகவே இல்லை. குலுக்கினார், மங்கல். மறுபடி குலுக்கினார், மங்கல். ஐந்து முறை குலுக்கியும் மங்கலாகவே விழுந்தது.

"பாத்தீங்களாம்மா, கடைசி ஒண்ணு எப்பப் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அது ஒண்ணுதானே. அதப் போய்ப் பயந்துக்கிட்டு."

ஆன்ட்டி அந்தப் பொத்தானை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அந்த ஒண்ணு இருக்குதுல்ல," என்றார். "பிள்ள பொறக்கட்டும்மா. அதுவரைக்கும் இரு." எழுந்து போய்விட்டார்.

நான் ஆத்திரப்பட்டேன். உள்ளே போய், எல்லாம் தீர்ந்துவிட்டது ஆன்ட்டி, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாய். நீயே தாழ்ப்பாளைத் தட்டிக் கூப்பாடு போட்டு வெளியே வரலாமே என்றேன். அதற்கு நீ சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"வந்துட்டேன்னு வச்சுக்க. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், கால் கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும், எதனால வந்ததுன்னு யாருக்குத் தெரியும்? எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க. நானே என்னத்தான் பாப்பேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாழ்ப்பாள் ஒன்று மட்டும் உன்னை உள்ளே வைத்திருக்கவில்லை.

அந்த மாதங்கள் கொடுமையானவை. மத்தியானத்தில் தகரம் காய்ந்து, அறை அடுப்பைப் போலக் கொதிக்கும். நீ சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் படுத்துக்கொண்டு படிப்பாய். கட்டிலிலிருந்து குளியலறை ஐந்து காலடி, குளியலறையிலிருந்து கதவு ஆறு காலடி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சந்துப் பக்கம் விளையாடக்கூடாது என்று அவர்கள் அம்மாக்கள் சொல்லிவைத்திருந்தார்கள். அண்ணன் சாயந்திரம் கடைக்குக் கிளம்பும்போது கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். ஒரு நாள் ஆல்ஃபா துகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். அணுக்கருவுக்குள் அடைபட்டிருக்கும் அது சுவரைத் தாண்டிப் போகப் போதுமான சக்தி இல்லாதது. ஆனாலும் ஒரு நொடிக்குள் கோடி கோடி முறைக்கு மேல் முட்டி, எப்போதோ ஒரு முறை வெளியே இருந்துவிடும். "யுரேனியத்துல அதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் ஆகுது," என்றாய். "எனக்கு நவம்பர்ல எஸ்.டி.பி.எம். பரீட்ச." நீ சிரிக்கவில்லை. பள்ளியில் நடந்த முன்னோட்டத் தேர்வு அதற்குள் முடிந்துபோயிருந்தது. உன் மேசை காலியாகவே இருந்தது.

இனி எழுதப்போவதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. ஆறாவது எட்டு நாள் முடிந்திருந்த சனிக்கிழமை. அறுபத்து நாலில் ஒரு பங்கு. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பக்கெட்டை ஜன்னலுக்குக் கிட்டவே போட்டு உட்கார்ந்திருந்தேன். படித்துக்கொண்டே இருந்தபோது, கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே உன் கை வெளியே வந்தது. எதையும் கேட்பதற்காக இல்லை. சும்மா நீட்டினாய். என் முழங்கை அங்கே இருந்தது. உன் விரல் பட்டதும் நான் கையை இழுத்துக்கொண்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. கணக்கெல்லாம் மூளையில் இருந்தது, கை அதைக் கேட்கவில்லை. நீ உன் கையைச் சிறிது நேரம் அப்படியே வெளியே வைத்திருந்தாய். பிறகு, மழை வருகிறதா என்று பார்ப்பவள் போல உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டாய். வானம் வெள்ளையாக வெயிலடித்துக்கொண்டிருந்தது. "அடுத்த பக்கம் படி" என்றாய். எனக்காகத்தான் அப்படிச் செய்தாய் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீனப் பெண்மணி, அதிகம் பேசாதவர். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கருவி ஒன்று இருந்தது. துகள் ஒன்று உள்ளே நுழைந்தால் 'டிக்' என்று சொல்லும். அதை இரவல் கேட்டேன். கருவியை வெளியே கொடுக்க முடியாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவரே கூப்பிட்டு, கருவி தனியாக வெளியே போகக்கூடாது, நானும் கூட வந்தால் போகலாம் என்றார். அது உன் சுவர்ப் பட்டியலில் கடைசி வரி. எண்பதாம் நாள். பத்தாவது எட்டு நாள். ஆயிரத்து இருபத்து நாலில் ஒரு பங்கு.

அவருடைய சின்னக் காரில், கருவியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆன்ட்டி, அண்ணன், ஏழு மாதம் தாண்டிய வயிற்றோடு அண்ணி, எல்லாரும் வாசலிலேயே நின்றார்கள். முதலில் ஒன்றுமில்லாத இடத்தில், வாசல் மரத்தடியில், ஒரு நிமிடம் எண்ணினோம். இருபது டிக். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எப்போதும் எல்லார் மேலும் விழுந்துகொண்டிருப்பது அது என்று ஆசிரியை சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பிறகு ஜன்னல் வழியாகக் குழாயை நீட்டினேன். நீ கழுத்தருகே பிடித்துக்கொண்டாய். ஒரு நிமிடம். இருபத்தெட்டு.

"எட்டு கூட இருக்கு," என்றார் ஆன்ட்டி.

உள்ளேயிருந்து நீ சொன்னாய்: "அண்ணே, உங்க மேண்டல் டப்பாவக் கொண்டாங்க."

பசார் மாலாம் கடையில் கேஸ் விளக்குக்குக் கட்டும் வெள்ளை வலைப்பைகள். அண்ணன் புரியாமல் எடுத்துவந்தார். அதன்மேல் குழாயை வைத்ததும் கருவி எண்ண முடியாதபடி படபடவென்று கொட்டியது, தகரத்தில் மழை விழுவதுபோல. அந்த வலையில் தோரியம் பூசியிருக்கிறது, அது கதிரியக்கப் பொருள், வெளிச்சம் நன்றாக வருவதற்காகச் சேர்ப்பது என்று நீ விளக்கினாய். நாம் ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

ஆனால் அண்ணன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டார். "இத்தன நாளா இதையா கையில வச்சுக்கிட்டிருந்தேன்?" என்றவர் முகம் வெளுத்துவிட்டது. ஆன்ட்டி அண்ணியைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். "ரெண்டும் ஆகாது," என்றார் எங்களிடம். "பிள்ளத்தாச்சி இருக்கற வீடு. நீங்க போயிட்டு வாங்க." நீ ஜன்னலுக்குள்ளிருந்து எவ்வளவோ சொன்னாய். யாரும் கேட்கவில்லை. ஆசிரியை கருவியைப் பெட்டியில் வைத்தார். ஒரு பயத்தைப் போக்க வந்து இரண்டாக்கிவிட்டோம். காரில் நான் தலை நிமிரவில்லை.

அடுத்து நடந்ததை நீதான் பிறகு எனக்குச் சொன்னாய். மறுநாள் மத்தியானம் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மாதான் தட்டு வைக்க வருகிறார் என்று நீ வழக்கம்போலச் சுவரோரம் ஒதுங்கினாய். வந்தது அண்ணி. தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஆன்ட்டி ஓடி வந்து வாசலில் நின்று அலறினார்.

"மூணு வருஷமா நான்தான் அந்த வலையக் கட்டுறேன்," என்றாராம் அண்ணி. "அது ஒண்ணும் செய்யலன்னா இதுவும் ஒண்ணும் செய்யாது. எனக்காகத்தானே இவளப் பூட்டி வச்சீங்க. என்னை ஒருத்தராவது கேட்டீங்களா அத்தே? நானும் எம்பிள்ளயும் இந்தப் பேர வாங்கிக்கிட்டு எப்படி இருக்கறது?"

பிறகு உன் பக்கம் திரும்பி, "சாப்புடு, ஆறிடும்" என்றாராம். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய். எண்பது நாளில் முதல்முறையாக ஒரு ஆளுக்குப் பக்கத்தில். அன்றைக்குப் பிறகு அந்தத் தாழ்ப்பாளை யாரும் போடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல சுகம். நீ அதைத் தூக்க ஒரு மாதம் ஆயிற்று. எல்லாரும் தூக்கச் சொன்னார்கள், நீதான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். நவம்பரில் தேர்வெழுதினாய். என்னைவிட நல்ல மதிப்பெண். நான் பல்கலைக்கழகம் போனேன். தொடர்ந்து சோதனைகளுக்குப் போக வேண்டியிருந்ததால் நீ மலாக்காவிலேயே தங்கி, ஓர் இடைநிலைப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை ஆனாய். என்னுடைய இரண்டாம் வருடத்தில், நோய் நுரையீரலுக்குப் போயிருப்பதாக எழுதினாய். மறுபடி மாத்திரை, மறுபடி தனி அறை. இந்த முறை வீட்டில் ஒரு கதவும் சாத்தப்படவில்லை. ஆனால் இந்த முறை மருந்து பிடிக்கவில்லை. பட்டமளிப்புக்கு நீ வருவதாகச் சொல்லியிருந்தாய். அதற்குள் நான் உன் அடக்கத்துக்கு வந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, ஆன்ட்டி என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். அது மறுபடி சாமான் அறையாகியிருந்தது. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தார்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா," என்றார். "ஃபாதர்கிட்ட என்னால கேக்க முடியல. அவள இங்க வச்சிருந்தேன்ல, அந்த மூணு மாசம். எல்லாரும் நான் வயித்துப் பிள்ளைக்குப் பயந்தேன்னு நெனச்சாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். அது இல்லம்மா. ஆஸ்பத்திரில டாக்டரு என்ன சொன்னாருன்னு எனக்குத்தான் தெரியும். திரும்பி வரலாம்னு சொன்னாரு. இங்க தாழ்ப்பாளப் போட்டா அவ உள்ள இருக்கான்னு இருக்கும். பொரண்டு படுக்கற சத்தம் கேக்கும். நான் நல்லாத் தூங்குனது அந்த மூணு மாசந்தான். எம்பிள்ள உள்ள வெந்துக்கிட்டு இருந்தா, நான் நல்லாத் தூங்குனேன். அது பாவமாம்மா?"

"இல்ல ஆன்ட்டி," என்றேன்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் சொன்னேன். எடை போட்டுப் பார்க்கவில்லை. அவர் அழுகையை நிறுத்த வேண்டும், அந்த அறையை விட்டு நான் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு அப்போது இருந்தது. நீயாக இருந்தால் அவசரப்பட்டிருக்க மாட்டாய். அவர் கேட்டதற்குச் சரியான பதிலைத் தேடியிருப்பாய். பாவம் இவ்வளவு இருக்கும்மா, ஆனால் அது யாரையும் ஒன்றும் செய்யாது என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பாய். அது அவருக்கு வலித்திருக்கும். ஆனால் அதை அவர் நம்பியிருப்பார்.

நான் சொன்னதை அவர் நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "சரிம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு உனக்கு" என்று சொல்லிவிட்டு, சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன், உன் அண்ணன் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆன்ட்டி அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்பார் என்று காத்திருந்தேன், சரியான பதிலை எடுத்துக்கொண்டும் போயிருந்தேன். போன வருடம் அவரும் போய்விட்டார். அந்தப் பதில் என்னிடமே இருக்கிறது.